சொல்லாமல் போகிறவர்களின் படங்கள்

செத்த மனிதனைச் சப்பாத்தோடு குழிக்குள் இறக்கியதை நான் முதன்முதலாகக் கண்டது கீழ்வீட்டு மதாமின் முன்னறையில், ரீவியில். குளிப்பாட்டவில்லை. வாய்க்கரிசி போடவில்லை. அழுவதற்கு ஒரு பெண்கூட அந்த வெட்டவெளியில் இல்லை. இரண்டு பேர் மண்ணைத் தள்ளி மூடினார்கள். ஒருவன் தொப்பியைக் கழற்றினான், மற்றவன் குதிரையின் வாரை இறுக்கினான். அவ்வளவுதான். பக்கத்தில் மதாம் பிஸ்கற்றைக் கோப்பிக்குள் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தா. அவவின் கணவர் கட்டிலில் சரிந்து கிடந்தபடி ஒரு பக்க வாயால் சிரித்தார்.

நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், வேறொன்றும் தெரியாது. ஆகையால் அந்தப் படங்களில் என்ன கதைத்தார்கள் என்று என்னைக் கேட்கவேண்டாம். எல்லாரும் பிரெஞ்சில் கதைத்தார்கள். குதிரைக்காரனும் பிரெஞ்சு, அவனைச் சுடுகிறவனும் பிரெஞ்சு. வாய் அசைந்து முடிந்தபிறகும் குரல் வந்துகொண்டிருந்தது. ஆனால் முகத்தைப் பார்த்து ஆளை அளப்பதற்கு எழுத்து எதற்கு? அந்த வேலையில் என்னை விஞ்ச மொன்ட்ரியாலில் ஆள் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

நானும் மகளும் இருப்பது அங்கே வில்லரே என்கிற பகுதியில், இரண்டாம் மாடி. வீட்டுக்கு வெளியாலே வளைந்து ஏறுகிற இரும்புப் படி. கீழ்வீட்டில் வீட்டுச் சொந்தக்காரர், கிழவனும் கிழவியும், இந்த ஊர் வெள்ளைக்காரர். கிழவி என்று சொன்னாலும் என்னைவிட அவவுக்கு இரண்டு மூன்று வயது குறைவாகத்தான் இருக்கும். நான் உரலில் சம்பல் இடித்தால் அவ கீழே இருந்து விளக்குமாற்றுத் தடியால் கூரையில் இடிப்பா. அந்த இடி என் உள்ளங்காலில் வந்து ஏறும். நான் நிறுத்தமாட்டேன். அவவும் நிறுத்தமாட்டா. படியில் காணும்போது அவ என்னை "மதாம்" என்பா, நான் அவவை "மதாம்" என்பேன். இரண்டு மதாம்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததில்லை.

அப்படி இருக்கையில் மதாமின் கணவருக்கு, நாங்கள் முசியூ என்கிறவருக்கு, பாரிசவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவருக்கு முன்னறையில் கம்பி வைத்த கட்டில் போட்டார்கள். காலையில் ஒரு தாதி வந்து கழுவித் துடைத்துவிட்டுப் போவா. மத்தியானத்தில் அவரைப் பிரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகு புண்ணாகும். பெரிய உடம்பு, மதாம் ஒருத்தியால் ஏலாது.

என்னுடைய மகள் டோர்வலில், பிளேனுக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் வேலை. ஒருநாள் வேலையால் வந்து, குளிர் உடுப்பைக் கழற்றாமலே சொன்னாள்:

"அம்மா, கீழ்வீட்டு முசியூவைப் பிரட்டிவிட ஆள் வேணுமாம். நீங்கள் மத்தியானத்தில சும்மாதானே இருக்கிறியள்."

"ஆர் சும்மா இருக்கிறது?"

"சரி, சும்மா இல்லை. ஒருக்கால் இறங்கிப் போட்டு வாங்கோவன்."

"தடியால இடிக்கிற மனுசி அவ. நான் அங்கை போய் அவவின்ர புருசனைப் பிரட்டுறதோ?"

"நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"என்னைக் கேளாமலோ?"

"உங்களைக் கேட்டால் நீங்கள் ஓம் எண்டுவியளோ?"

மகள் கொடுத்த சொல்லை நான் பொய்யாக்க முடியாது. அடுத்தநாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். மதாம் கதவைத் திறந்து, என் கால் செருப்பைப் பார்த்தா. நான் கழற்றினேன். அவ வீட்டுக்குள்ளே சப்பாத்தோடு நின்றா.

பிரட்டுகிற வேலை இப்படி. அவருக்குக் கீழே ஒரு பெட்சீற்றைக் குறுக்காக மடித்துப் போட்டிருக்கும். அதன் இரண்டு கரையையும் இரண்டு பக்கத்தில் இரண்டு பேர் சுருட்டிப் பிடித்து, ஒரே நேரத்தில் தூக்கி இழுக்கவேணும். ஒருவர் முந்தினாலும் ஆள் சரிந்துபோவார். முதல்நாள் அவ தன் பாசையில் எண்ணி இழுத்தா, நான் என் பாசையில் எண்ணி இழுத்தேன். அவ ஓய்ந்தபோது நான் தொடங்கினேன். முசியூ நடுவிலே கிடந்து தோணி மாதிரி ஆடினார். மதாம் என்னை ஏசிப் பேசினா. நானும் பேசினேன். இரண்டு பேருக்கும் மற்றவருடைய பேச்சு விளங்காதபடியால் வசதியாக இருந்தது.

அப்போது முசியூ தன் சுகமான கையால் கட்டில் கம்பியில் தட்டினார். டொக், டொக், டொக். மூன்றாம் தட்டுக்குக் கண்ணைப் பெரிதாக்கினார். விளங்கிவிட்டது. அதன்பிறகு எண்ணிக்கை அவருடையது. அவர் மூன்று தட்டுவார், மூன்றாவதற்கு நாங்கள் இரண்டு பேரும் இழுப்போம். ஆள் பூப்போலத் திரும்பி ரீவியைப் பார்த்துப் படுப்பார். பிறகு படம்.

அவர் பார்த்ததெல்லாம் குதிரைப் படம். சுவரோரத்தில் படத்தட்டுகள் நிறைய அடுக்கி வைத்திருந்தார். பட்டாளத்துக்காரனும் அந்த மண்ணுக்கே உரிய பூர்வகுடி மனிதனும் ஒன்றாகப் போகிற படம். கறுப்பு மனிதனும் மெக்சிக்கோக்காரனும் போகிற படம். எல்லாவற்றிலும் இரண்டு பேர்தான். ஒருத்தனுக்கு மற்றவனைக் கண்ணிலே காட்டக்கூடாது, ஆனால் போகிற பாதை ஒன்று. ஒருத்தன் நெருப்புக்கு அந்தப் பக்கம் படுப்பான், மற்றவன் இந்தப் பக்கம். பிறகு பாம்போ வெள்ளமோ வரும், அவன் இவனை இழுத்துக் கரையில் போடுவான்.

நான் பார்த்துத் திகைக்காத நாள் இல்லை. இறைச்சி வெட்டிய கத்தியால் தாடி வழித்தார்கள். குடிக்கிற சாராயத்தைக் காயத்தில் ஊற்றினார்கள். பெண்சாதியிடம் ஒரு நல்ல வார்த்தை கதைக்காதவன் குதிரையின் மூக்கில் கொஞ்சினான். ஒருநாள் நான் "சிவசிவா" என்று வாய்விட்டுச் சொல்ல, முசியூவுக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. மதாம் என்னை முறைத்தா. அவர் சிரிக்கட்டும் என்று பிறகு நான் வேணுமென்றே இரண்டொரு தரம் சொன்னேன்.

அவருக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ஒரு மணியின் படம். பெரிய கோயில் மணி ஒன்றை மாட்டுவண்டியில் ஏற்றி, ஒரு கிழட்டுப் பாதிரியாரோடு வெள்ளைக்காரன் ஒருவனும் சீனாக்காரன் ஒருவனும் பாலைவனம் தாண்டிக் கொண்டுபோகிறார்கள். வெள்ளைக்காரன் சீனாக்காரன் சமைத்ததைத் தின்னமாட்டான். சீனாக்காரன் வெள்ளைக்காரன் தொட்ட கோப்பையில் குடிக்கமாட்டான். எனக்குச் சீனாக்காரனைப் பிடித்துக்கொண்டது. அவன் சாப்பிட முதல் கை கழுவுகிறவன். கடைசியில் மணி போய்ச் சேர்ந்துவிடும், பாதிரியார் செத்துப்போவார். இரண்டு பேரும் அவரைப் புதைப்பார்கள். பிறகு சீனாக்காரன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பக்கம் நடப்பான், வெள்ளைக்காரன் மற்றப் பக்கம் போவான். ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்கமாட்டான், ஒரு சொல்லும் இல்லை.

அந்த இடம் வரும்போதெல்லாம் மதாம் ரீவியைப் பார்த்துப் பேசுவா. விரலை நீட்டி, சீனாக்காரனின் முதுகுக்குப் பேசுவா. பேச்சின் முடிவில் "ஓருவ்வார்" என்ற சொல் வரும். அது இவர்கள் போகும்போது சொல்கிற சொல் என்று எனக்குத் தெரியும். கடையிலும் பஸ்ஸிலும் எத்தனை தரம் கேட்டிருப்பேன்.

வேலையில்லாத ஒருநாள் மகளும் எங்களோடு இருந்து அந்தப் படத்தைப் பார்த்தாள். மதாம் என்ன பேசுகிறா என்று கேட்டேன்.

"இவ்வளவு தூரம் ஒண்டாய் வந்துபோட்டு, ஒரு சொல்லுச் சொல்லாமல் போறானே, மிருகம் எண்டுறா."

"பின்னை? செத்தவீட்டில ஆர் சொல்லிப்போட்டுப் போறது? அவன் முறை தெரிஞ்ச பிள்ளை."

மகள் சிரித்தாள். அதை மதாமுக்குத் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பனி தொடங்கின காலத்தில் போகத் தொடங்கினேன், பனி உருகிப் படியால் வடிகிற காலம் வந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் படம் முடிந்ததும் எழும்பி, வாசலில் நின்று "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வருவேன். மதாமும் தன் பாசையில் ஏதோ சொல்லுவா. சிரிப்பு இன்னும் வரவில்லை. ஆனால் நான் பிந்தினால் அவ கூரையில் தடியால் இடித்துக் கூப்பிடுகிற அளவுக்கு வந்திருந்தோம். அது பழைய இடி இல்லை, மெல்லிய இடி.

அன்றும் அப்படி இடித்துத்தான் கூப்பிட்டா. போனேன். பெட்சீற்றின் கரையைச் சுருட்டி நான் இந்தப் பக்கம் பிடித்தேன், அவ அந்தப் பக்கம். முசியூ கம்பியில் தட்டினார். ஒன்று. இரண்டு.

நாங்கள் காத்துக்கொண்டு நின்றோம்.

மூன்றாவது வரவில்லை. நான் அவருடைய கையைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. தட்டப் போகிறார், தட்டப் போகிறார் என்று பார்த்தேன். விரல் கம்பியில் இருந்தது. மதாமும் சீற்றைப் பிடித்தபடி நின்றா. எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது, ஆனால் கையை விடுவதற்கு எங்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் அவ என்னைப் பார்த்தா. நான் தலையை ஆட்டினேன். பிறகுதான் விட்டோம்.

அவரைப் பார்வைக்கு வைத்த மண்டபத்துக்கு மகள்தான் காரில் கொண்டுபோனாள். அவளுக்கு வேலைக்குப் போகவேண்டியிருந்தபடியால் காருக்குள்ளேயே இருந்தாள், நான் தனியே உள்ளே போனேன். பிணத்துக்குக் கன்னத்தில் சிவப்புப் பூசியிருந்தார்கள். பெட்டியின் மேல் ஒரு குதிரைக்காரத் தொப்பி. பக்கத்து மேசையில் சான்விச், கேக், கோப்பி. சனம் தட்டை ஏந்திக்கொண்டு நின்று தின்கிறது. ஒரு மூலையில் சிரிக்கிறார்கள். செத்தவரின் படங்களைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறார்கள். மதாம் உதட்டில் சாயம் பூசி, கழுத்தில் மாலை போட்டு, வாசலில் நின்று எல்லாருக்கும் முத்தமிடக் கன்னம் கொடுக்கிறா. ரீவியில் சப்பாத்தோடு புதைத்தவர்களே பரவாயில்லை என்று எனக்குப் பட்டது. அவர்கள் தின்னவில்லை.

நான் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து, அவருக்கு உரிய அழுகையை அழுதேன். சத்தம் போட்டுத்தான் அழுதேன். அத்தனை மாதம் தூக்கிப் பிரட்டிய உடம்பு. மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யாரோ ஒரு பெட்டை ஓடிவந்து எனக்குத் தண்ணீர் தந்தாள்.

அழுது முடித்து எழும்பினேன். மதாம் கண்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தா. செத்தவீட்டுக்காரி வழியனுப்ப வரலாமோ? யாரும் சொல்லித் தராத ஒரு பெண்ணை என்ன செய்வது? அவவுக்கும் சேர்த்து நானே முறையைக் காப்பாற்றவேணும் என்று நினைத்து, அவவுடைய கை படாமல் விலகி, முகத்தை நேரே வைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல், திரும்பிப் பாராமல் வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்து நேரே குளியலறைக்குள் போய்த் தலையில் ஊற்றினேன்.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயலவர்தான் சமைத்துக் கொடுக்கவேணும். அடுத்தநாள் உறைப்புப் போடாமல் சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சமைத்து, மூடியோடு கூடிய ஏனத்தில் கொண்டுபோய் அவவின் வாசலில் வைத்தேன். மணி அடித்தேன், திறக்கவில்லை. துக்கத்தில் கிடக்கிறா என்று விட்டுவிட்டு வந்தேன். பின்னேரம் பார்க்க ஏனம் கழுவி, வெறுமையாக எங்கள் படியில் இருந்தது. மற்ற நாளென்றால் ஏனத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது, ஒரு பிடி சீனியாவது போடவேணும். செத்தவீட்டில் இருந்து அப்படி எதையும் போட்டு அனுப்பவும் கூடாது. பரவாயில்லை, மதாமுக்கு இதாவது தெரிந்திருக்கிறதே என்று எனக்குள்ளே மெச்சிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கூரையில் இடி இல்லை. ஒரு நாள் வேணுமென்று உரலை எடுத்து வைத்து, இடிக்கத் தேவையில்லாததையும் இடித்தேன். கீழே அசுமாத்தம் இல்லை. படியில் கண்டபோது "மதாம்" என்றேன். அவ திறப்பைப் பூட்டுக்குள் விட்டுத் திருகிக்கொண்டு உள்ளே போய்விட்டா.

பிறகு ஒருநாள் வீட்டு முன்னால் விற்பனைப் பலகை நட்டிருந்தது. மகள் கீழே போய்க் கதைத்துவிட்டு வந்து, கதிரையில் இருந்துகொண்டு என்னையே பார்த்தாள்.

"தங்கச்சியோட இருக்கப் போறாவாம். ஆற்றங்கரைப் பக்கம், தூரம். அம்மா, நீங்கள் அந்த மண்டபத்தில என்ன செய்தனீங்கள்?"

"என்ன செய்தன்? அழுதன், வந்தன்."

"அத்தனை சனத்துக்கு முன்னாலை தன்னைத் தள்ளிப்போட்டுப் போனீங்களாம். கட்டிப்பிடிக்க வந்தவவாம். ஒரு சொல்லுச் சொல்லேல்லையாம். முசியூ இருக்கும்வரை வந்தவ, அவர் போனதும் என்னை அந்தச் சீனாக்காரன் மாதிரி விட்டுட்டுப் போனா எண்டு அழுறா."

"பேந்து நான் சாப்பாடு குடுத்தனானே."

"வாசலில வைச்சனீங்களாம். பூனைக்கு வைக்கிற மாதிரி."

அந்தச் சொல் என்னைப் போட்டு உலுப்பிவிட்டது. பூனைக்கு. நான், என்னுடைய கையால், உறைப்புப் பார்த்துப் பார்த்துச் சமைத்தது. அவ தின்னவே இல்லை, கொட்டிவிட்டுத்தான் ஏனத்தைக் கழுவி வைத்திருக்கிறா. நான் முறை என்று மெச்சியது அவவுடைய கோபம். முகத்தைப் பார்த்து ஆளை அளக்கிறவள் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

"மன்னிப்புக் கேளுங்கோ அம்மா. இல்லாட்டி நான் போய் விளங்கப்படுத்துறன்."

"என்னத்துக்கு மன்னிப்பு? நான் சரியாத்தான் செய்தனான்."

"சரி பிழை இல்லையம்மா இப்ப. அவ போகப்போறா. போனால் போனதுதான்."

"நான் செய்ததுக்கு நான் சொல்லுவன். நீ இதுக்குள்ள வராதை."

என்ன சொல்லுவேன்? எந்தப் பாசையில் சொல்லுவேன்? சில நாள் யோசித்தேன். அவ சாமான் கட்டுகிற சத்தம் கீழே கேட்டுக்கொண்டிருந்தது. அவர் செத்து முப்பத்தோராம் நாள் சடங்குக் காலமும் கழிந்துவிட்டது, இனி அது செத்தவீடு இல்லை. ஒரு மத்தியானம், வழக்கமாகப் போகிற நேரத்துக்கு இறங்கிப்போய் மணி அடித்தேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. காட்டப் போனேன்.

"மதாம்," என்றா, கையைக் கட்டிக்கொண்டு.

"மதாம்," என்றேன். அவ விலகவில்லை. நான் பக்கத்தால் உள்ளே போனேன்.

கட்டில் இல்லை. கம்பளத்தில் அதன் நாலு காலும் இருந்த பள்ளம் மட்டும். படத்தட்டுகள் ஒரு பெட்டிக்குள் அடுக்கிக் கிடந்தன. எல்லா மூடியிலும் குதிரை. எனக்கு அவர்களின் எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, மணி தெரியும். தேடி எடுத்து அவவிடம் நீட்டினேன். அவ என்னைப் பார்த்தா, தட்டைப் பார்த்தா. பெருமூச்சு விட்டு அதைப் போட்டா. நான் கையைச் சுற்றிச் சுற்றிக் காட்ட, அவ கடைசிக்கு ஓட்டினா. குதிரைகள் பைத்தியம் பிடித்ததுபோல ஓடின, மணி வந்தது, பாதிரியார் செத்தார்.

குழியை மூடும் இடத்தில் நான் எழும்பி ரீவிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். குழியைத் தொட்டுக் காட்டினேன். கம்பளத்தில் கட்டில் இருந்த பள்ளத்தைக் காட்டினேன். சீனாக்காரன் மூட்டையைத் தூக்கினான், திரும்பினான், நடந்தான். அவனுடைய முதுகைத் தொட்டுக் காட்டி, என் நெஞ்சைத் தொட்டேன். பிறகு விரலை வாயில் வைத்து, தலையை இல்லை என்று ஆட்டினேன். அழுதேன் என்பதற்குக் கண்ணிலிருந்து கீழே விரலை இழுத்தேன்.

மதாம் தானே படத்தைப் பின்னுக்கு ஓட்டி, அந்த இடத்தைத் திரும்பப் போட்டா. முன்னுக்கு வளைந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தா. இத்தனை காலமும் தான் மிருகம் என்று பேசியவனை இன்றைக்குத்தான் காண்கிறதுபோல இருந்தது அவவின் முகம். அப்படித் திகைத்த முகத்தை நான் அவவிடம், அந்த மூன்றாம் தட்டு வராத நாளில்கூடக் காணவில்லை. ரீவியைப் பார்த்து ஏதோ சொன்னா. இந்த முறை விரல் நீட்டவில்லை. பிறகு என்னைப் பார்த்து, என்னைப்போலவே வாயில் விரலை வைத்து, கேட்கிறமாதிரி புருவத்தைத் தூக்கினா. நான் ஓம் என்று தலையாட்டினேன்.

எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தா. அவவிடம் பவுடர் வாசமும் கோப்பி வாசமும் அடித்தது. நான் விலகவில்லை. பிறகு கோப்பி போட்டா, நான் பிஸ்கற்றைத் தோய்த்துத் தின்றேன். அரைவாசி உள்ளே விழுந்துவிட்டது. அவ சிரித்தா, நானும் சிரித்தேன். எழும்பும்போது "போட்டு வாறன்" என்றேன், அவவும் தன் சொல்லைச் சொன்னா.

அதன்பிறகு அவ போகும்வரைக்கும் இரண்டு பேரும் சாமான் கட்டினோம். கட்டிக் களைத்தால் படம் பார்த்தோம். பெட்சீற் மடிக்கும்போது அவ மேசையில் மூன்று தட்டுவா.

யூலை முதலாம் திகதி இந்த ஊர் முழுக்க வீடு மாறும் நாள். தெரு நிறைய லொறி, நடைபாதையில் மெத்தை, குளிர்பெட்டி. மதாமின் சாமான் ஏறி முடிந்தது. தங்கையின் மகன் காரில் காத்திருந்தான். மகள் வேலைக்குப் போயிருந்தாள். மதாம் இரும்புப் படியில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து ஏறி, முதல்முறையாக என் வீட்டுக்கு வந்தா. வாசலில் சப்பாத்தைக் கழற்றினா. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

தேத்தண்ணியும் பயத்தம்பணியாரமும் கொடுத்தேன். உரல் எங்கே என்று இடித்துக் காட்டிக் கேட்டா, தூக்கிக் காட்டினேன். அதைத் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினா. தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துக் கோப்பையை வைத்தா. எழும்பினா.

நான் வாசலுக்குப் போய் நின்றேன். என்ன சொல்லப்போகிறா, நான் என்ன சொல்லவேணும் என்று எனக்குள்ளே அடுக்கிக்கொண்டு நின்றேன். அவ எனக்கு முன்னால் வந்தா. முதுகை நிமிர்த்தினா. முகத்தை நேரே வைத்தா. வாயை இறுக்க மூடிக்கொண்டு, சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, என்னைத் தொடாமல், திரும்பிப் பாராமல் படியால் இறங்கினா.

எனக்கு உயிர் ஒருக்கால் நின்றுபோனது.

என்னுடைய வீட்டிலிருந்து. நான் உயிரோடு நிற்க. அடுப்பு எரிய, சாமி படத்துக்குப் பூ வைத்திருக்க, நல்ல நாளில், செத்தவீட்டிலிருந்து போகிறமாதிரிப் போகிறா. என்ன பாவம் செய்தேன் என்று நினைத்தேன். பிறகு அவவின் முதுகைப் பார்த்தேன். பாடம் ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரி அவ்வளவு கவனமாக, அவ்வளவு பெருமையாக அந்த முதுகு படியால் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் விளங்கியது. நாளாந்தம் போகும்போது எங்கள் ஆட்களிடம் சொல் உண்டு, பெரிய பிரிவுக்குச் சொல் இல்லை, அதுதான் எங்கள் மரியாதை என்று அவ எடுத்திருக்கிறா. அப்படி அவவுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? நான். ரீவிக்குப் பக்கத்தில் நின்று, நெஞ்சைத் தொட்டு. செத்த மனிதனை நான் காட்டியும் அவவுடைய கண் நடந்துபோகிறவனிலேயே நின்றுவிட்டது. மகளை விளங்கப்படுத்தவும் நான் விடவில்லை.

கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

நான் செருப்பில்லாமல் இறங்கினேன். என் வயதுக்கு அந்தப் படியில் அப்படி இறங்கக்கூடாது. நான் தெருவுக்கு வரக் கார் நகர்ந்துவிட்டது. மதாம் கண்ணாடிக்குள்ளே நேரே பார்த்துக்கொண்டிருந்தா, திரும்பவில்லை. முறையைக் காக்கிறா. நான் கையைத் தூக்கி, எனக்கிருந்த முழுச் சத்தத்திலும், அதுவரை என் வாயால் ஒருநாளும் சொல்லாத அந்தச் சொல்லைச் சொன்னேன்.

"ஓருவ்வார், மதாம். ஓருவ்வார்."

தெருவில் மெத்தை தூக்கிக்கொண்டு நின்றவர்கள் திரும்பினார்கள். கார் நின்றது. பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். மதாம் கண்ணாடியை இறக்கி, திகைத்துப்போய் என்னைப் பார்த்தா. வாயில் விரலை வைத்துக் காட்டினா, இப்படித்தானே என்கிறமாதிரி.

"இல்லை, மதாம்," என்றேன் தமிழில், மூச்சு வாங்கிக்கொண்டு. "இது செத்தவீடு இல்லை. நான் இருக்கிறன். நீங்களும் இருக்கிறியள். சொல்லிப்போட்டுத்தான் போகவேணும்."

எவ்வளவு விளங்கியதோ. அவவின் மூடியிருந்த வாய் திறந்தது. திறந்தபிறகு நிற்கவில்லை. அத்தனை மாதமும் சீனாக்காரனுக்குப் பேசினதைவிட நீளமாக எனக்குச் சொன்னா. என் கையைக் கண்ணாடிக்குள்ளால் பிடித்துக்கொண்டு சொன்னா. லொறிக்காரன் திரும்பவும் அடித்தான், அவ தலையை வெளியே நீட்டி அவனுக்கும் ஏதோ சொன்னா. அது நல்ல சொல்லாக இருக்காது. கடைசியில் "ஓருவ்வார்" வந்தது. நான் "போட்டு வாங்கோ" என்றேன். கார் மூலையில் திரும்பும்வரை அவவின் கை வெளியே இருந்தது.

மேலே ஏறி வந்தேன். மகள் வேலையால் வந்தபோதும் மேசையில் அந்தக் கோப்பையும் பணியாரத் தட்டும் அப்படியே இருந்தன. தரையில் பணியாரத் தூள்.

"என்னம்மா, கழுவாமல் கூட்டாமல் இருக்கிறியள்? உங்களுக்குச் சுகமில்லையோ?"

"ஆள் பயணம் வெளிக்கிட்ட கையோட வீடு கூட்டக்கூடாது, பிள்ளை. இருக்கட்டும். அவ தங்கச்சி வீட்டை போய்ச் சேர்ந்திட்டாவோ எண்டு ஒருக்கால் போன் எடுத்துக் கேள்."